‘ராக்கஸ்’: முரட்டுக் குரலைச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லை வேர்வரை அறிவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மது விடுதியில் இளைஞர்கள் கூடிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு ஆசிரியர் கொடுத்திருந்த அடைமொழி ‘ராக்கஸ்’. கையருகே இருந்த அகராதியைப் புரட்டினேன். ‘கரகரப்பான’ என்று இருந்தது. ‘கரகரத்த சிரிப்பு’ என்று எழுதிவிட்டேன். அச்சில் வந்த பிறகு படித்த நண்பர், “அவர்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்ததா?” என்று கேட்டார். அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். கதையில் அது பின்னால் வரப்போகும் ஏதோ ஒன்றுக்கான குறிப்பு என்றே எண்ணியிருந்தார். ஒரே ஓர் அடைமொழியால் ஒரு நல்ல வாசகரை வழிமாற்றி அனுப்பிவிட்டேனே என்று வருந்தினேன்.

அகராதி பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பொருள் கரகரப்புதான். பிறகு தொண்டையை விட்டுக் கிளம்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டது. எங்கிருந்து வந்தது, இன்று எங்கே இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டதாகப் பொருள். ஆங்கிலம் படிப்பவர்களுக்கும், மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்கியவர்களுக்கும், இந்த ஒரு சொல்லை வைத்து அந்த வழியைச் சொல்லித் தருகிறேன். வேறு சொற்களுக்கும் இதே வழி உதவும்.

முதல் படி: எழுத்தையும் ஒலியையும் சரியாகப் பிடியுங்கள்

எழுத்துகள் இவை: ஆர், ஏ, யு, சி, ஓ, யு, எஸ். முதல் அசையில் அழுத்தம். ‘ஏ, யு’ சேர்ந்து வருவதால் ‘ரௌகஸ்’ என்று படிக்கத் தோன்றும், அப்படிப் படிக்காதீர்கள். ஆகஸ்ட், ஆட்டோ, ஆடியோ ஆகிய சொற்களின் முதல் உயிர்தான் இங்கும் வருகிறது. தமிழில் அதை ‘ஆ’ என்று எழுதுகிறோம். ஆங்கிலேயர் வாயில் அது ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் நடுவில் ஒலிக்கும்.

இறுதியில் இருக்கும் ‘ஓ, யு, எஸ்’ ஒரு தடயம். லத்தீனில் ‘உஸ்’ என்று முடியும் அடைமொழிகள் பல ஆங்கிலத்துக்குள் நுழையும்போது இந்த வாலைப் பெற்றன. ‘ஒப்வியுஸ்’ ‘ஆப்வியஸ்’ ஆனது. ‘வாரியுஸ்’ ‘வேரியஸ்’ ஆனது. ஆகவே ‘ராக்கஸ்’ என்பதைக் கண்டதுமே, இது லத்தீன் சொல்லாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். இந்த முறை அந்தச் சந்தேகம் சரி.

இரண்டாம் படி: அது யாரோடு பழகுகிறது என்று பாருங்கள்

இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். நானும் அன்று தாண்டித்தான் போனேன். ஒரு சொல்லின் இன்றைய பொருளை அறிய, அதன் பக்கத்தில் அடிக்கடி நிற்கும் சொற்களைப் பார்க்க வேண்டும். ஆங்கில நாளிதழ்களில் ‘ராக்கஸ்’ எதற்கெல்லாம் அடைமொழியாகிறது? சிரிப்பு, விருந்து, கால்பந்து ரசிகர் கூட்டம், காகம், கடற்பறவைகளின் கூப்பாடு. லண்டன் நாடாளுமன்றத்தில் புதன்கிழமை நண்பகலில் பிரதமர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அரைமணி நேரத்தைப் பற்றி எழுதும் செய்தியாளர்களுக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். எதற்கு அடைமொழியாவதில்லை? சளி பிடித்த நோயாளிக்கு ஆவதில்லை. மூன்று மணி நேரம் பாடிக் களைத்த பாடகருக்கும் ஆவதில்லை.

ஐயம் தீர எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எந்த முரட்டுக் குரல் சொல்லானாலும் அதற்குப் பக்கத்தில் ‘கிசுகிசுப்பு’ என்பதை வைத்துப் பாருங்கள். ‘ஹோர்ஸ்’ என்ற சொல் பொருந்தும். தொண்டை கட்டிய நிலையிலும் ஒருவர் கிசுகிசுக்கலாம். வறண்டு தாழ்ந்த குரலைச் சொல்லும் ‘ஹஸ்கி’யும் பொருந்தும். ‘ராக்கஸ்’ பொருந்தவே பொருந்தாது. அதில் சத்தம் கட்டாயம். சத்தம் குறைந்த கணத்தில் அந்தச் சொல் செத்துவிடும்.

ஆகவே இன்றைய பொருள் இரண்டு. ஒன்று, காதில் அறையும்படி உரத்தும் கரடுமுரடாகவும் இருக்கும் ஒலி. மற்றொன்று, கட்டுக்கடங்காத கூச்சலும் கும்மாளமுமான கூட்டம் அல்லது நிகழ்ச்சி. இரண்டாவதில் குரலே பின்னுக்குப் போய்விட்டது. நடத்தைதான் முன்னால் நிற்கிறது.

மூன்றாம் படி: பிறப்புக் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள்

நல்ல ஆங்கில அகராதிகளில் பொருளுக்கு மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் சொல்லின் குலவரலாறு. கட்டணமின்றிப் பார்க்க எடிம்ஆன்லைன் இணைய அகராதி போதும். நூலக வசதி உள்ளவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பார்க்கலாம். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவடைந்த அந்தப் பெருநூலில் ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மேற்கோள்கள் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும்.

படிக்கும்போது இரண்டு குறிகளை நினைவில் கொள்ளுங்கள். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, ஒப்பீட்டால் மீட்டெடுத்தது என்று பொருள். குறிப்பில் காணும் ஆண்டு, எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் ஆண்டு. சொல் அதற்கு முன்பே மக்கள் வாயில் புழங்கியிருக்கலாம். ‘இந்த ஆண்டில் பிறந்த சொல்’ என்று எழுதிவிடாதீர்கள்.

‘ராக்கஸ்’ என்பதற்கு அந்தச் சான்று 1769. மூலம் லத்தீன் ‘ரவுக்குஸ்’, பொருள் ‘கரகரத்த’. அதே லத்தீன் சொல் பிரெஞ்சில் ‘ரோக்’ என்றும் இத்தாலியனில் ‘ராவுக்கோ’ என்றும் ஸ்பானிய மொழியில் ‘ரோங்கோ’ என்றும் வாழ்கிறது. ஸ்பானிய வடிவத்தின் நடுவில் ஒரு மெல்லொலி முளைத்திருப்பதைக் கவனித்தீர்களா? குறட்டை விடுவதைக் குறிக்கும் ‘ரோங்கார்’ என்ற வினைச்சொல்லின் பாதிப்பு அது. அடுத்தடுத்துக் குடியிருக்கும் சொற்கள் ஒன்றின் சாயலை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். இப்படியொரு இடத்தைக் கண்டால் அங்கே சற்று நின்றுவிட்டுப் போங்கள்.

இந்த உடன்பிறப்புகள் எல்லாம் இன்றும் தொண்டையோடுதான் இருக்கின்றன. ஸ்பெயினில் ஒருவர் ‘ரோங்கோவாக இருக்கிறேன்’ என்றால் அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கும்மாளத்துக்குப் போனது ஆங்கிலச் சொல் மட்டும்.

லத்தீனில் இந்தச் சொல் அவ்வளவு முரடானதுகூட இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் வெர்ஜில் தம் ஆயர் பாடல்களின் முதல் பாடலில் இந்த அடைமொழியைக் காட்டுப் புறாக்களுக்குச் சூட்டுகிறார். அதுவும் ‘நீ பேணும் புறாக்கள்’ என்று அன்போடு அழைக்கிற இடத்தில். அடுத்த பாடலில் வெயிலில் ரீங்கரிக்கும் சிள்வண்டுகளுக்கும் அதே சொல். புறாவின் அடித்தொண்டைக் குமுறலை ஒரு கணம் காதில் ஓட்டிப் பாருங்கள். லத்தீன்காரன் சொன்னது எவ்வளவு பொருத்தம்! இன்றைய ஆங்கிலத்தில் புறாவை ‘ராக்கஸ்’ என்று எழுதினால் வாசகர் திகைப்பார். காகத்துக்கும் கடற்பறவைக்கும் மட்டுமே அந்த உரிமை.

ஏன் இப்படி நகர்ந்தது? நான் கருதுவது இது. லத்தீன் சொல் வந்து சேர்ந்தபோது, தொண்டை கரகரப்புக்கென்று ஆங்கிலத்தில் ‘ஹோர்ஸ்’ என்ற சொந்தச் சொல் ஏற்கெனவே ஆழ வேரூன்றியிருந்தது. மருத்துவருக்கும் தாய்க்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. வந்தவருக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. அதனால் கரகரப்போடு உரத்த தன்மையையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் ஒழுங்கின்மையின் பக்கமாய்ப் போய் உட்கார்ந்தது. தமிழில் ‘நாற்றம்’ நல்ல மணத்திலிருந்து கெட்ட மணத்துக்குப் போனதை அறிந்தவர்களுக்கு இந்த நகர்வு வியப்பாக இராது.

நான்காம் படி: ஒலி ஒற்றுமையை நம்பாதீர்கள்

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கண்ணி காத்திருக்கிறது. ‘ராக்கஸ்’ என்றதும் ‘ராக்கதர்’ நினைவுக்கு வருவார்கள். கூச்சல், முரட்டுத்தனம், கட்டுக்கடங்காமை எல்லாம் அச்சாகப் பொருந்தும். ‘ராட்சசச் சிரிப்பு’ என்று தமிழிலேயே சொல்கிறோமே! ஆனால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ‘ராக்ஷஸ’ என்ற வடசொல்லை மரபு ‘ரக்ஷ்’, அதாவது ‘காத்தல்’ என்ற வேரோடு சேர்த்துச் சொல்கிறது. ‘காப்போம்’ என்று சொன்னவர்கள் அந்தப் பெயர் பெற்றார்கள் என்று வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டமே கதை சொல்கிறது. லத்தீன் ‘ரவுக்குஸ்’ வந்த வழி வேறு.

உண்மையான உறவு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ‘ரவுக்குஸ்’ என்பதற்கு அடியில் கத்தல், உறுமல், முழக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் ஓர் இந்தோ-ஐரோப்பிய (லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூதாதை மொழியின்) ஒலிக்குறிப்பு வேரை அறிஞர்கள் வைக்கிறார்கள். அதே வேரோடு அவர்கள் சேர்க்கும் சமஸ்கிருத வினை ‘ரு’. ‘ரவதி’ என்றால் முழங்குகிறது. அந்த வினையிலிருந்து வருவது ‘ரவ’, அதாவது ஒலி. ‘ராவணன்’ என்ற பெயருக்கும் மரபு சொல்லும் பொருள் அதுதான். கயிலையைப் பெயர்க்கப் போனவன் சிவனின் கால்விரல் அழுத்தத்தில் நசுங்கி அலறினான். அந்த அலறலால் அவன் ராவணன். தேவாரத்தில் சம்பந்தர் பதிகந்தோறும் பெரும்பாலும் எட்டாம் பாடலில் அவனை நினைவுகூர்வதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதே.

ஆக, ராக்கதன் என்ற குலப்பெயரோடு உறவில்லாத ஓர் ஆங்கிலச் சொல், ராவணன் என்ற தனிப்பெயரோடு தொலைதூர உறவு கொண்டிருக்கக்கூடும். காதுக்கு ஒன்றாகக் கேட்பது அயலாகவும், காதுக்கு எட்டாதது உறவாகவும் இருக்கிறது. சொற்பிறப்பியலில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் இதுவே. வதந்தியைக் குறிக்கும் ஆங்கில ‘ரூமர்’ சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பார்கள். லத்தீனில் அதற்கு ‘இரைச்சல்’ என்ற பொருளும் உண்டு.

நம் ‘அரவம்’ பற்றி என்ன சொல்வது? ‘ஆள் அரவம் இல்லை’ என்கிறோமே, அந்த அரவத்தை வடமொழி ‘ரவ’த்தோடு இணைப்பவர்களும் இருக்கிறார்கள், தமிழ் வேரே என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஒலியைப் போலி செய்து பிறக்கும் சொற்களில் இப்படி இரு தரப்பும் நிற்பது இயல்பு. ரகரம் எந்த நாட்டுத் தொண்டையிலும் உருளும். புதியவர்கள் இங்கே தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

ஆங்கிலத்துக்குள்ளேயே இன்னொரு கண்ணி உண்டு. அமளியைக் குறிக்கும் ‘ரக்கஸ்’ என்ற சொல். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்பதால் தம்பி என்றே நினைப்போம். அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தலைகாட்டிய பேச்சுச் சொல். சச்சரவைக் குறிக்கும் ‘ரக்ஷன்’, கலாட்டாவைக் குறிக்கும் ‘ரம்பஸ்’ ஆகிய இரண்டும் கலந்து உருவானதாக இருக்கலாம் என்பது அகராதிகளின் கருத்து. லத்தீனுக்கு அங்கே இடமில்லை.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களின் படத்தைப் பாருங்கள்

‘கரகரப்பான’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லின் கீழ் ஆங்கிலத்தின் ஐந்தாறு சொற்கள் வந்து நிற்கும். அவற்றைப் பிரித்தறிய வேரில் இருக்கும் படம்தான் உதவும்.

‘ஹோர்ஸ்’: தொண்டை கட்டியது, குரல் கம்மியது. பழைய ஆங்கிலத்தில் இது ‘ஹாஸ்’. ஜெர்மனில் ‘ஹைசர்’, டச்சில் ‘ஹேஸ்’. பழைய ஆங்கில வடிவத்தின் நடுவில் ரகரம் இல்லாததைக் கவனியுங்கள். அது இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்தது. அதனால் இன்று குதிரையைக் குறிக்கும் சொல்லும் இதுவும் பெரும்பாலான ஆங்கிலேயர் வாயில் ஒரே ஒலியாகிவிட்டன. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பலர் இன்னும் வேறுபடுத்திச் சொல்கிறார்கள். எழுத்தில் ஓர் ‘ஏ’ கூடுதல், அவ்வளவுதான். அந்த ‘ஏ’யை மறந்தால் நோயாளி குதிரையாகிவிடுவார். உடல்நலத்தைப் பேசும் இடங்களில் இதுவே சரியான சொல்.

‘ஹஸ்கி’யின் உள்ளே இருப்பது உமி. ‘ஹஸ்க்’ என்றால் தானியத்தின் மேல்தோல். அந்தச் சொல்லே டச்சு மொழியில் ‘சிறு வீடு’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். நெல்மணிக்கு உமி வீடுதானே. உமிபோல் உலர்ந்த தொண்டை என்பதால் குரலுக்கு இந்த அடைமொழி. இதில் வறட்சியும் தாழ்வும் உண்டு, முரட்டுத்தனம் இல்லை. கேட்பவருக்குப் பிடிக்கும் குரலுக்கும் தயங்காமல் சொல்வார்கள். பனியில் வண்டி இழுக்கும் ‘ஹஸ்கி’ நாய்க்கும் இதற்கும் உறவில்லை. அந்தப் பெயர், வட அமெரிக்காவின் இன்யூட் மக்களை ஐரோப்பியர் அழைத்த பெயரின் சிதைவு.

‘கிராவலி’ என்பதன் படம் நமக்கு மிக எளிது. ‘கிராவல் மண் கடத்தல்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே கிராவல். பழைய பிரெஞ்சில் மணற்பாங்கான கரையைக் குறித்த சொல்லின் குறுவடிவம் அது. சரளைக்கல் உருளுவது போன்ற ஆழ்ந்த குரல். டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் (1901–1971) பாடிய ஒரு பதிவைக் கேளுங்கள்; விளக்கமே தேவைப்படாது.

‘ராஸ்பி’யில் இருப்பது தச்சரின் அரம். மரத்தை அராவும்போது எழும் ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘கிரஃப்’ என்பது பருமன், சொரசொரப்பு என்ற பொருளுடைய டச்சுச் சொல். குரலோடு சிடுசிடுப்பான சுபாவத்தையும் சேர்த்துச் சொல்லும். ‘ஸ்டென்டோரியன்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. ஹோமரின் இலியத்தில் ஐம்பது பேர் சேர்ந்து கத்தினாற்போல் கத்தும் ஸ்டென்டரின் பெயரால் வந்த அது, குரலின் உரத்தை மட்டுமே சொல்கிறது, கரகரப்பைச் சொல்வதில்லை.

ஆறாம் படி: தமிழில் ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். ‘ராக்கஸ்’ என்பதற்கு நிரந்தரமான ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடினால் தோற்றுப்போவோம். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாடாளுமன்றம் என்றால் நம் நாளிதழ்கள் பல பத்தாண்டுகளாகப் பழக்கிவைத்திருக்கும் ‘அமளி’ இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் யோசிக்க முடியவில்லை. விருந்து என்றால் ‘கூச்சலும் கும்மாளமுமாக நடந்தது’. பறவை என்றால் பெயரடையை விட்டுவிட்டு வினைக்குப் போங்கள்: ‘கடற்பறவைகள் காது கூசக் கத்தின’. ரசிகர் கூட்டத்தில் மகிழ்ச்சி மேலோங்கினால் ‘ஆரவாரம்’. எரிச்சல் மேலோங்கினால் ‘காட்டுக்கூச்சல்’. ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டு நிறமும் இருக்கிறது. எது என்பதை முன்பின் வரிகள்தான் சொல்லும்.

சிரிப்புக்கு என்ன போடுவது? ஏளனம் கலந்திருந்தால் ‘கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள்’. ஏளனம் இல்லாமல் வெறும் உற்சாகம் என்றால் ‘விடுதியே அதிரச் சிரித்தார்கள்’. என் கதையில் இருந்தது இரண்டாவது. அடுத்த பதிப்பில் அப்படியே மாற்றினேன். ஆங்கில அடைமொழி தமிழில் வினையெச்சமாக மாறியதில் எனக்குக் குறை தெரியவில்லை. தமிழ் வாக்கியத்தின் பலம் வினையில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: நான்கு வரிக் குறிப்பேடு

ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கே வரி எழுதுங்கள்: வேரில் இருக்கும் படம், முதல் சான்றின் ஆண்டு, இன்று கூடவே வரும் மூன்று பெயர்ச்சொற்கள், ஏமாற்றும் ஒலி ஒற்றுமை. என் ஏட்டில் ‘ராக்கஸ்’ இப்படி இருக்கிறது: கரகரத்த தொண்டை, லத்தீன்; 1769; சிரிப்பு, கூட்டம், காகம்; ராக்கதன் அல்ல, ‘ரக்கஸ்’ அல்ல.

பயிற்சிக்கு அடுத்த சொல்லாக ‘ஸ்ட்ரைடன்ட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லத்தீன் மூலம் கிறீச்சிடுவதைக் குறிக்கும் ஒரு வினைச்சொல். அகராதியைத் திறப்பதற்கு முன் கிசுகிசுப்புச் சோதனையை வைத்துப் பார்த்து, விடையை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.